செப்டிக் டேங்க்: மழைக்கு முன்பே லாரியைக் கூப்பிடுங்கள்

நவம்பரில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்தால் போதும். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம், முடிச்சூர் பக்கத்துக் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்விதான் ஓடும்: “செப்டிக் டேங்க் லாரி நம்பர் யார்கிட்டயாவது இருக்கா? அர்ஜென்ட்!”

இந்த ‘அர்ஜென்ட்’தான் பிரச்சினை. பாத்ரூமில் தண்ணீர் எதிர்த்து ஏறும்போது யாரும் லாரிக்கு உரிமம் இருக்கிறதா என்று கேட்பதில்லை. எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்கள் என்று கேட்பதில்லை. “அடியில கட்டியா இருக்கு சார், ஆள் இறங்கித்தான் எடுக்கணும்” என்று சொன்னால், தடுப்பதும் இல்லை.

ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து 2021-ல் தாம்பரம் மாநகராட்சி உருவானது. ஆனால், பல தெருக்களுக்கு இன்னும் பாதாளச் சாக்கடை வரவில்லை. அதுவரை ஒவ்வொரு வீட்டின் செப்டிக் டேங்கும்தான் அந்த வீட்டின் கழிவுநீர் நிலையம்.

தொட்டிக்குள் என்ன நடக்கிறது?

கழிவு தொட்டிக்குள் வந்ததும் மூன்று அடுக்காகப் பிரிகிறது. கனமானது அடியில் சகதியாகப் படிகிறது. எண்ணெய், சோப்பு போன்றவை மேலே ஆடையாக மிதக்கின்றன. நடுவில் இருக்கும் நீர் மட்டும் அடுத்த அறைக்கும், அங்கிருந்து உறிஞ்சுகுழிக்கும் போகிறது. காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிரிகள் சகதியின் ஒரு பகுதியைச் செரிக்கின்றன, முழுவதையும் அல்ல. அதனால்தான் 2 முதல் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை சகதியை எடுக்க வேண்டும். “பத்து வருஷமா தொடவே இல்லை, ஒரு பிரச்சினையும் இல்லை” என்பவரின் தொட்டி நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம் இல்லை. சகதி உறிஞ்சுகுழிக்கோ, அடித்தளமில்லாத உறைத் தொட்டி என்றால் நேரே மண்ணுக்கோ போய்க்கொண்டிருக்கலாம்.

ஏன் ஆள் இறங்க வேண்டி வருகிறது?

புதிய சகதி இளகலாக இருக்கும். லாரியின் குழாய் எளிதாக உறிஞ்சிவிடும். வருடக்கணக்கில் விட்டால் அடியில் இறுகிக் கட்டியாகிறது. கூடவே நாப்கின், டயாபர், வெட் வைப்ஸ். குழாயால் இழுக்க முடியாதபோதுதான் மனிதனை இறக்கும் யோசனை வருகிறது. நாம் தள்ளிப்போடும் ஒவ்வொரு வருடமும் அந்த யோசனையைப் பக்கத்தில் கொண்டு வருகிறது.

தொட்டிக்குள் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் தேங்கியிருக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது; சில நொடிகளில் மயக்கம் வரும். காப்பாற்ற இறங்குபவருக்கும் அதே கதிதான். 2019 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூர் அருகே நெமிலியில் ஒரு குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டியில், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் உட்பட ஆறு பேர் இறந்தது நினைவிருக்கலாம்.

பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் ஒருவரைத் தொட்டிக்குள் இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை அல்லது ரூ.2 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். வேலைக்கு வைத்தவர் யாராக இருந்தாலும் பொருந்தும். வீட்டு உரிமையாளரும் விலக்கல்ல. கழிவுநீர்க் குழியில் இறந்தவரின் குடும்பத்துக்கு ரூ.30 லட்சம் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. “அவரே இறங்குறேன்னு சொன்னார்” என்பது பதில் ஆகாது.

உங்கள் தொட்டி, பக்கத்து வீட்டு போர்வெல்

உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே 18 மீட்டர், அதாவது சுமார் 60 அடி இடைவெளி வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணய விதி. ஒரு கிரவுண்ட் மனையே பெரும்பாலும் 40-க்கு 60 அடிதான். இப்போது அரை கிரவுண்டில்தான் வீடு கட்டுகிறோம். அப்படியென்றால் உங்கள் உறிஞ்சுகுழியின் 60 அடிக்குள் உங்கள் போர்வெல் மட்டுமல்ல, பக்கத்து வீட்டு போர்வெல்லும் இருக்கும். செப்டிக் டேங்க் நம் சொந்த விஷயம் என்பது காம்பவுண்ட் சுவருக்கு மேலே மட்டும்தான் உண்மை.

என்ன செய்யலாம்?

* லாரியை மே, ஜூனில் அழையுங்கள். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறியிருக்கும். காலி செய்த தொட்டியும் சீக்கிரம் நிரம்பும்.
* மூடி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கார் பார்க்கிங் டைல்ஸுக்கு அடியில் புதைந்திருந்தால் இப்போதே திறக்கும்படி செய்யுங்கள். மூடி திறந்திருக்கும்போது தீக்குச்சி, சிகரெட் கூடாது. குழந்தைகளையும் அண்ட விடாதீர்கள்.
* உள்ளாட்சி உரிமம் உள்ள லாரியா, எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் கொட்டுகிறார்கள் என்று போனிலேயே கேளுங்கள். மழுப்பினால் வேறு லாரி பாருங்கள். 14420 என்ற உதவி எண்ணிலும் கேட்கலாம்.
* “மேலே இருக்கிற தண்ணியை மட்டும் எடுத்துட்டேன்” என்பது வேலை அல்ல. இரண்டு அறைகளிலும் அடிச் சகதி வந்ததா என்று பாருங்கள். தொட்டியைக் கழுவித் துடைக்க வேண்டாம். கொஞ்சம் சகதி இருந்தால்தான் நுண்ணுயிரிகள் மீண்டும் பெருகும்.
* ஆசிட், பிளீச்சிங் பவுடரை அளவுக்கு மீறி ஊற்றாதீர்கள். மொட்டைமாடி மழைநீர்க் குழாயைத் தொட்டியில் இணைக்காதீர்கள்.
* வாடகை வீடா? கடைசியாக எப்போது எடுத்தார்கள் என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஓனரிடம் கேளுங்கள். அபார்ட்மென்ட் என்றால் சங்கத்தின் ஆண்டுச் செலவில் இதற்கும் ஒரு வரி இருக்கட்டும்.

மாநகராட்சியின் பங்கு

எல்லாவற்றையும் வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட முடியாது. சிட்லபாக்கம், செம்பாக்கம் ஏரிகளில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்து மக்கள் பல ஆண்டுகளாகக் குரல் கொடுக்கிறார்கள். லாரி எங்கே கொட்டுகிறது என்பதைக் கண்காணிக்கும் அதிகாரம் அவர்களிடம் இல்லை, மாநகராட்சியிடம்தான் இருக்கிறது.

மகாராஷ்டிரத்தின் வாய் என்ற சிறு நகரில், புகார் வரும்வரை காத்திருக்காமல் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை தெருத் தெருவாக வரிசைப்படி தொட்டிகளைச் சுத்தம் செய்யும் திட்டம் 2018-ல் தொடங்கியது. 70 வார்டுகள் கொண்ட தாம்பரத்தால் அதைச் செய்ய முடியாதா? வார்டு வாரியாகத் தொட்டிகளைக் கணக்கெடுத்து, இயந்திரம் மட்டும் இறங்கும் முறையைக் கொண்டு வந்தால், ‘அர்ஜென்ட்’ என்ற சொல்லுக்கே வேலை இருக்காது.

அதுவரை ஒரு சின்ன வேலை. போனை எடுத்து, காலண்டரில் வரும் மே மாதத்துக்கு ஒரு ரிமைண்டர் போடுங்கள்: ‘செப்டிக் டேங்க்’. ஓர் ஆள் குழிக்குள் இறங்காமல் இருக்க அது உதவும்.