பேருந்து நிற்காத இடத்தில் முதியோர் வீடு எதற்கு?

காலையில் வந்து, சாப்பிட்டு, நான்கு பேரோடு பேசியிருந்து, மாலையில் வீடு திரும்ப முதியோருக்கு ஓர் இடம். இதுதான் ‘அன்புச்சோலை’. 25 மையங்களுக்கு 10 கோடி ரூபாய் என்று 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். 2025 நவம்பரில் அன்றைய முதல்வர் திருச்சியில் தொடங்கிவைத்தார். நோக்கத்தில் குறை காண ஏதுமில்லை. ஆனால், தினமும் போய்வர வேண்டிய இடம் அது. எழுபத்தைந்து வயதுக்காரர் வீட்டிலிருந்து அங்கே எப்படிப் போய்ச் சேருவார், எந்தப் பேருந்தில் ஏறுவார், எந்த நிறுத்தத்தில் இறங்கி எவ்வளவு தூரம் நடப்பார் என்ற கேள்வி மட்டும் பெரிதாக அடிபடவே இல்லை.

தனியார் கட்டும் முதியோர் குடியிருப்புகளிலும் இதே குருட்டுத்தனம்தான். மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019இல் இதற்கென்றே மாதிரி நெறிமுறைகள் வெளியிட்டது. சாய்தளம், கைப்பிடி, வழுக்காத தரை, அவசர மணி என்று வாசலுக்கு உள்ளே இருப்பதைப் பற்றித்தான் அக்கறை அதிகம். விற்பவர்களோ ‘நான்குவழிச் சாலையிலிருந்து ஐந்தே நிமிடம்’ என்கிறார்கள். யாருக்கு ஐந்து நிமிடம்? கார் ஓட்டிவந்து பார்த்துவிட்டுப் போகும் மகனுக்கு.

திருநெல்வேலியில் முந்தைய தலைமுறை இப்படி இடம் தேடவில்லை. பெருமாள்புரம், தியாகராஜநகர், மகாராஜநகர், என்.ஜி.ஓ. காலனி என்று பணி ஓய்வுக்கு முன்னும் பின்னும் மனை வாங்கியவர்கள் தண்ணீருக்கு அடுத்து விசாரித்தது “டவுன் பஸ் வருதா?” என்பதைத்தான். கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகத்தின் பெயரையே ஒரு குடியிருப்பு கே.டி.சி. நகர் என்று சுமந்துகொண்டிருக்கும் ஊர் இது.

முதியோரோ பெருகிவருகிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர். 2031இல் இது 18.2 சதவீதமாகும் என்கிறது தேசியப் புள்ளியியல் அலுவலகம். கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான்.

இந்த எண்ணிக்கையைவிட முக்கியமான எண் ஒன்று இருக்கிறது: 900. நம் சாதாரண நகரப் பேருந்தின் தளம் தரையிலிருந்து 900 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய மூன்று அடி உயரத்தில் இருக்கிறது. வீட்டு மாடிப்படி ஒன்றின் உயரம் ஆறேழு அங்குலம். அப்படிப்பட்ட ஐந்து படிகளின் உயரத்தைப் பேருந்தில் இரண்டு மூன்று எட்டில் ஏறியாக வேண்டும். ஒருவர் இரண்டு பேருந்து மாறி ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்குப் போய்த் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். நான்கு முறை ஏறுகிறார், நான்கு முறை இறங்குகிறார். ஏறிய உயரத்தைக் கூட்டினால் 3.6 மீட்டர். ஒரு மாடி ஏறி இறங்கியாயிற்று. அதுவும் புறப்படத் துடிக்கும் வண்டியில், பின்னால் நிற்பவர்களின் நெருக்கலில், ஒரு கையில் ஸ்கேன் உறையோடு.

தாழ்தளப் பேருந்தில் இதே தளம் 400 மில்லிமீட்டர்தான். நிறுத்தத்தில் வண்டி ஒருபக்கம் சாய்ந்து இன்னும் தாழும். மாற்றுத்திறனாளிகள் உயர் நீதிமன்றம் வரை போய் ஆண்டுக்கணக்கில் வாதாடிய பிறகுதான் 2024 ஆகஸ்டில் இவை சென்னைச் சாலைக்கு வந்தன. அந்தக் கொள்முதலில் சென்னை, மதுரை, கோவைக்குப் பங்கு கிடைத்தது. நெல்லை பட்டியலில் இல்லை. நெல்லை மூட்டுகளுக்கு மட்டும் தேய்மானம் கிடையாதா?

சலுகையிலும் இதே கதை. சென்னையில் அறுபது வயதானவருக்கு 2016 முதல் மாதம் பத்து இலவசப் பயண டோக்கன். தாமிரபரணிக் கரையில் அது கிடையாது. ஆச்சி நகரப் பேருந்தில் கட்டணமில்லாமல் ஏறலாம், தாத்தா காசு கொடுக்க வேண்டும். ரயிலில் முதியோருக்கு இருந்த 40, 50 சதவீதக் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, இன்னும் திரும்பவில்லை.

‘ஆட்டோ இருக்கிறதே, செயலியில் கார் வருகிறதே’ என்று சொல்பவர்களோடு அதிகம் வாதாடத் தேவையில்லை. அவர்கள் ஓய்வூதியத்தில் மாதக் கடைசியைப் பார்த்ததில்லை. ‘வயதானவர்களுக்கு அமைதிதான் வேண்டும்’ என்பவர்கள் எந்த முதியவரையும் கேட்டுவிட்டுச் சொல்லவில்லை. நெல்லையப்பர் கோயிலுக்கும், உழவர் சந்தைக்கும், மூத்த மகள் வீட்டுக்கும் யாரிடமும் கேட்காமல் புறப்பட முடிகிறவரைதான் ஒருவர் தன் வீட்டில் இருக்கிறார். அதன் பிறகு அவர் வைக்கப்பட்டிருக்கிறார். நல்ல சாப்பாடும் தோட்டமும் இருந்தாலும் அது அடைப்புதான்.

நெல்லையின் போக்குவரத்துத் திட்டமிடல் முதியோரை எப்படி நடத்தியது என்பதற்கு சந்திப்புப் பேருந்து நிலையமே சாட்சி. 2003இல் வெளியூர்ப் பேருந்துகள் இங்கிருந்து வேய்ந்தான்குளம் புதிய நிலையத்துக்குப் போயின. ரயிலை விட்டு இறங்குகிறவர் வெளியூர் வண்டி பிடிக்க இன்னொரு பேருந்து ஏற வேண்டியதாயிற்று. பிறகு, பொலிவுறு நகரத் திட்டத்தில் சந்திப்பு நிலையத்தையே இடித்தார்கள். தோண்டிய மண் தொடர்பாக வழக்கு வந்து, வேலை முடங்கி, 2024இல்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டும் வெயிலில் சாலையோரம் நின்றவர்களில் எத்தனை பேர் வெளியே கிளம்புவதையே விட்டிருப்பார்கள்? எந்த அலுவலகமும் அந்தக் கணக்கை எடுக்கவில்லை.

இத்தனைக்கும் இந்தத் தாமிரபரணிப் பள்ளத்தாக்குக்கு வாய்த்த முதுகெலும்பு வேறெங்கும் எளிதில் கிடைக்காது. சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று ஆற்றோரத்து ஊர்கள் வழியாகச் செங்கோட்டை வரை ரயில் போகிறது. 2012இல் அகலப்பாதையும் ஆகிவிட்டது. கிழக்கே ஸ்ரீவைகுண்டம், நாசரேத் வழியாகத் திருச்செந்தூர்ப் பாதை. பல ஊர்களில் பிள்ளைகள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட, பெரிய வீடுகளில் இரண்டு பேர், அல்லது ஒருவர். நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள அந்த வீடுகளைச் சீர்செய்து முதியோர் குடியிருப்பாக்கினால், காட்டை ஒட்டிப் புதிதாகக் கட்ட வேண்டிய அவசியமே இல்லை.

சிங்கப்பூரில் அட்மிரல்ட்டி ரயில் நிலையத்தின் பக்கத்திலேயே முதியோருக்காக 104 வீடுகள் கட்டினார்கள். கீழே உணவங்காடி, மேலே மருத்துவ மையம். ‘கம்போங் அட்மிரல்ட்டி’ என்று பெயர். நிலத்துக்கு அவர்களைவிட நமக்குப் பஞ்சமா?

ஆகவே, தாழ்தளப் பேருந்து வரும் நிறுத்தத்திலிருந்து 400 மீட்டருக்கு அப்பால் முதியோர் குடியிருப்புக்கு அனுமதியே தரக் கூடாது. ஏற்கெனவே தந்திருந்தால், அந்த வாசலுக்கு வழித்தடம் நீளும்வரை புதிதாக யாரையும் சேர்க்க விடக் கூடாது. அன்புச்சோலை நெல்லையில் எங்கே அமைந்தாலும், பேருந்து நிலையத்தின் சுவரை ஒட்டியே அமைய வேண்டும்.

பெற்றோருக்கு இடம் பார்க்கப் போகும் பிள்ளைகள் காரை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு டவுன் பஸ்ஸில் புறப்படுங்கள். நிறுத்தத்தில் நிழலும் உட்கார இடமும் இருக்கிறதா, சாலையைக் கடக்க எவ்வளவு நேரமாகிறது, திரும்பி வரும் பேருந்து எத்தனை மணிக்கு என்பதை அவர்களே பார்த்துச் சொல்லட்டும். முன்பணத்தை அதற்குப் பிறகு கட்டலாம்.