கூண்டு வண்டியும் தோள்சுமையும்



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின், நமது சபையின் வாலிபச் சகோதரர் ஒருவர் தாம் வரைந்த படம் ஒன்றை என்னிடம் காட்டினார். நூல் மூட்டைகளையும் சேலைக் கட்டுகளையும் ஏற்றிச் செல்லும் தமது பிக்கப் வண்டியின் பின்புறத்தில் ஒரு கூண்டு அமைக்க அவர் விரும்புகிறார். வண்டி ஓடும்போது கூரை தாழ்ந்திருக்கும். நிறுத்தியபின் அதை மேலே தூக்கினால் தார்ப்பாய்ச் சுவர்கள் விரிந்து, ஆள் நிமிர்ந்து நிற்கும் அறையாகிவிடும். உள்ளே படுக்கை, சிறு அடுப்பு, தண்ணீர்த் தொட்டி. ஆண்டில் சில நாட்களாவது தறிச் சத்தம் கேளாத இடத்தில் குடும்பத்தோடு தங்கவேண்டும் என்பது அவருடைய வாஞ்சை. அருகில் நின்ற மூப்பர் ஒருவர், "இது ஆடம்பரம் அல்லவா, ஐயா?" என்றார். அன்று இருவருக்கும் சொல்லாத மறுமொழியை இங்கே எழுதுகிறேன்.

ஓய்வை நாடுவது பாவமன்று. உண்ணவும் நேரமில்லாதிருந்த தம் சீஷர்களைத் தனிமையான இடத்துக்குச் சற்று இளைப்பாற அழைத்தவர் நம் ஆண்டவரே (மாற்கு 6:31). ஆண்டுதோறும் ஏழு நாள் வீட்டை விட்டுக் கூடாரங்களில் தங்கும்படி இஸ்ரவேலருக்குக் கட்டளையிட்டவரும் தேவனே (லேவியராகமம் 23:42). இரவும் பகலும் விசைத்தறி ஓடும் இளம்பிள்ளையில், அமைதியை விரும்பும் மனிதனை நான் கடிந்துகொள்ள மாட்டேன்.

வண்டியே வீடாவதும் நம் பகுதிக்குப் புதிதன்று. திருச்செங்கோட்டிலிருந்து புறப்படும் ஆழ்துளைக் கிணற்று வண்டிகளோடு செல்லும் தொழிலாளர் பல மாதங்கள் வெளி மாநிலங்களில் தங்கி, வண்டியோரத்தில் சமைத்து, வண்டியிலேயே உறங்குகிறார்கள். சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் லாரி ஓட்டுநரின் வீட்டார் அவர் வரும் நாளை எண்ணிக் காத்திருப்பதை நாம் அறிவோம். நமக்கு இன்பமாகத் தோன்றும் வண்டி வாழ்வு அவர்களுக்குப் பிழைப்பு. இதை மறவாமல் மேலே செல்வோம்.

எண்ணாகமம் 7-ஆம் அதிகாரத்தில் கூண்டு வண்டிகளைப்பற்றி வாசிக்கிறோம். பிரபுக்கள் ஆறு வண்டிகளையும் பன்னிரண்டு மாடுகளையும் காணிக்கையாகக் கொண்டுவந்தார்கள். திரைகளைச் சுமக்கும் கெர்சோன் புத்திரருக்கு மோசே இரண்டு வண்டிகளைக் கொடுத்தார். பலகைகளையும் தூண்களையும் சுமக்கும் மெராரி புத்திரருக்கு நான்கு கொடுத்தார். கோகாத் புத்திரருக்கோ ஒன்றும் கொடுக்கவில்லை; பரிசுத்த பொருட்களை அவர்கள் தோளிலேயே சுமக்கவேண்டியிருந்தது. சுமைக்கு ஏற்ற வண்டி வேண்டும் என்பது இதன் முதற்பாடம். வண்டியில் ஏற்றக்கூடாத சுமையும் உண்டு என்பது அடுத்த பாடம்.

முதற்பாடத்தைச் சகோதரரின் படத்தோடு ஒப்பிடுகிறேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 50 லிட்டர் தொட்டி என்றால் 50 கிலோ. இரும்புச் சட்டம், ப்ளைவுட் பலகை, மெத்தை, அடுப்பு என்று ஒவ்வொன்றும் எடை கூட்டும். வெளிநாடுகளில் விற்கப்படும் இத்தகைய கூண்டுகள் சில 500 கிலோவைத் தாண்டுகின்றன. எடை மேலே ஏற ஏற, வளைவில் வண்டி சாயும் ஆபத்தும் ஏறும். கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. கூரை தாழ்ந்து ஓடவேண்டிய காரணம் அங்கே விளங்கும். மூடிய கூண்டுக்குள் அடுப்பு எரிப்பதும் உயிருக்கு ஆபத்து. சமையல் வெளியே இருக்கட்டும்.

சட்டத்தையும் மதிக்கவேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. ஆகவே கழற்றி இறக்கத்தக்க கூண்டாயினும், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிந்த பின்பே பட்டறைக்குச் செல்லுங்கள். ஓடும் வண்டியின் கூண்டுக்குள் பிள்ளைகளை அமர்த்தாதீர்கள். முன்னே இருக்கை இல்லாதவர்கள் பேருந்தில் வரட்டும்.

இனி தோள்சுமை. சகோதரரே, உங்கள் தறிக்கூடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு நெய்த சேலைக்குத்தானே கூலி? நீங்கள் நான்கு நாள் தறியை நிறுத்திவிட்டு மலைக்குச் சென்றால், அந்த நான்கு நாளும் அவர்கள் வீட்டில் என்ன வேகும்? ஓய்வுநாள் கட்டளை வீட்டெஜமானுக்கு மட்டும் அருளப்பட்டதன்று. வேலைக்காரனும் வேலைக்காரியும் அவனைப்போலவே இளைப்பாறவேண்டும் என்று உபாகமம் 5:14 கற்பிக்கிறது. தொழிலாளியின் பட்டினியால் கிடைக்கும் விடுமுறை வேதம் சொல்லும் ஓய்வாகாது. கடனும் அப்படியே. இளைப்பாறுதலுக்காக வாங்கிய வண்டிக்கூண்டின் தவணை, மாதந்தோறும் உறக்கத்தைக் கெடுக்குமானால், இறக்கிவைக்க முடியாத பாரத்தையே நாம் ஏற்றியிருக்கிறோம்.

நம் அருகிலுள்ள கொல்லிமலைக்கு ஒரு வீடே பயணம் போனதுண்டு. 1913-ஆம் ஆண்டு மிஷனரி ஜெஸ்ஸி பிராண்ட் தம் மனைவி எவலினோடு அங்கே குடியேறினார். அவர்களுடைய மரவீடு சமவெளியில் பகுதி பகுதியாகச் செய்யப்பட்டு, ஆட்களின் சுமையாக மலையேறியது. 1929-இல் ஜெஸ்ஸி காய்ச்சலால் மரித்தார். முதிர்வயதில் எவலின் மீண்டும் அந்த மலைகளுக்கு வந்து, மட்டக்குதிரையில் ஊர் ஊராகச் சென்று, கூடாரங்களில் தங்கி மக்களுக்குத் தொண்டு செய்தார். 1974-இல் மரிக்குமட்டும் அந்தப் பாரத்தை அவர் இறக்கிவைக்கவில்லை. அவர்கள் கழற்றி மாட்டும் வீட்டை நாடியது, மக்களை விட்டு விலக அல்ல, மக்களிடத்தில் சேரவே.

ஆகவே மூப்பரே, இதை ஆடம்பரம் என்று நான் தள்ளமாட்டேன். சகோதரரே, கூண்டைச் செய்யுங்கள். ஆனால் இலேசாகச் செய்யுங்கள், கடனின்றிச் செய்யுங்கள், வாரநாட்களில் வண்டி மறுபடியும் நூல் சுமக்கும்படி கழற்றத்தக்கதாகச் செய்யுங்கள். தார்ப்பாய்க்குக் கணக்கு எழுதும் அதே தாளில், தறியில் நிற்கிறவர்களுக்கு அந்த நாட்களின் கூலியையும் எழுதுங்கள். அந்தத் தொகை சேரும்வரை பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

ஜெபம்: அன்புள்ள பிதாவே, எங்களுக்கு இளைப்பாறுதல் தாரும். எங்களுக்காக உழைக்கிறவர்களை மறந்து நாங்கள் இளைப்பாறாதபடி காத்தருளும். இயேசுவின் நாமத்தில் ஆமென்.