கும்பாபிஷேகத்துக்கு அசிட் எதற்கு?

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் அண்மையில் கும்பாபிஷேக வேலை நடந்துகொண்டிருந்தது. அம்மன் கோயிலின் கருங்கல் அடித்தளத்தையும் படிகளையும் சுத்தம் செய்தார்கள். ஒருவர் கக்கூஸ் கழுவும் அசிட்டை வாளியில் கலந்து ஊற்றினார். இன்னொருவர் வயர் பிரஷால் தேய்த்தார். மூன்றாமவர் லொறி கழுவும் மெஷினால் தண்ணீர் அடித்தார். படியோரம் நுரை பொங்கி ஓடியது. அந்த நுரையோடு கல்லிடுக்கில் இருந்த பழைய சுண்ணாம்புக் காரையும் கரைந்து ஓடியது.

"என்ன தலைவரே இது?" என்று கேட்டேன்.

"ஊத்தை புடிச்சுக் கெடந்துச்சுங்க ஐயா. இப்ப பாருங்க, எப்படிப் பளிச்சுன்னு இருக்கு" என்றார் கமிட்டித் தலைவர். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

கறுத்த கல் அழுக்குக் கல், வெளுத்த கல்தான் சுத்தமான கல் என்ற நம்பிக்கை மலையகம் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. கோயில் கமிட்டிக்கு அது இருக்கிறது. பங்களாவை ஹோட்டலாக்குகிறவருக்கும், பாடசாலைக்கு நூற்றாண்டு விழா எடுக்கிறவருக்கும் இருக்கிறது. கழுவாமல் விட்டால் பாசி கல்லைத் தின்றுவிடும் என்று பயமுறுத்தவும் செய்கிறார்கள்.

அப்படிச் சொல்பவர்கள் டிக்கோயாவுக்குப் போய் வார்லி தேவாலயத்தைப் பார்க்கட்டும். 1878இல் கட்டிய கல் கட்டடம் அது. கீழே காசல்ரீ நீர்த்தேக்கம், மேலே மூடுபனி, ஆண்டுதோறும் தென்மேற்குப் பருவமழை. ஏறத்தாழ 150 ஆண்டு மழை அந்தச் சுவரில் இறங்கியிருக்கிறது. கல் கறுத்திருக்கிறது, கரைந்துவிட்டதா? சுவர் விழுந்துவிட்டதா? இன்றும் அதற்குள் வழிபாடு நடக்கிறது. பாசி கல்லைத் தின்னும் என்றால் வார்லியில் இந்நேரம் அத்திவாரம் மட்டும்தானே மிஞ்சியிருக்க வேண்டும்?

அந்தக் கறுப்பு என்ன என்று யாராவது கேட்டுப் பார்த்தார்களா? கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள், கல்மேல் வட்ட வட்டமாகப் படரும் கல்பாசி, பழைய அடுப்புப் புகை, தகரக் கூரையிலிருந்து வடிந்த துருநீர் என்று அதில் பல வகை உண்டு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு காரணத்தால் வருவது. நம்மவர்களோ எல்லாவற்றுக்கும் ஒரே போத்தலைத் திறக்கிறார்கள்.

அந்தப் போத்தலில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். சுண்ணாம்பைக் கண்ட இடத்தில் கரைப்பதுதான் அதன் குணம். பழைய கல் சுவரைப் பிடித்து நிறுத்தியிருப்பதே சுண்ணாம்புக் காரைதான். அமிலம் காரையைக் கரைத்து, மிச்சத்தை உப்பாகக் கல்லுக்குள் விட்டுவிட்டுப் போகும். மழையில் அந்த உப்பு கரையும், வெயிலில் மறுபடி படிகமாகிப் பருக்கும். பருக்கும் ஒவ்வொரு முறையும் கல்லின் முகத்தை உள்ளிருந்து பொருக்குப் பொருக்காகத் தள்ளும். பிளீச்சிங் பவுடரும் தன் பங்குக்கு உப்பைத்தான் விட்டுப் போகிறது. நம் மலைநாட்டுக் கல்லிலோ இரும்புச் சத்துள்ள கனிமங்கள் நிறைய உண்டு. அமிலம் பட்ட இடத்தில் அவை துருப்பிடித்துச் செம்மஞ்சள் கறையாக வடியும். ஒரு கறையைப் போக்கப் போய், எந்தத் தேய்ப்புக்கும் போகாத இன்னொரு கறையை வாங்கி வைக்கிறார்கள்.

மெஷின் செய்வது இதைவிடக் கொடுமை. வேகமாக அடிக்கும் நீர் காரையைத் தோண்டி, சுவரின் வயிற்றுக்குள் ஈரத்தைத் திணிக்கிறது. காலத்தால் இறுகிய மேற்பரப்பை உரித்துக் கல்லைச் சொரசொரப்பாக்குகிறது. சொரசொரப்பான ஈரக் கல்லில் பாசி முன்னைவிட விரைவாக ஏறும். பிறகு மறுபடி அசிட், மறுபடி மெஷின். வார்லியின் கல்லுக்கு வாய்க்காத சீரழிவை நம் கோயில் படிகளுக்கு நம் காசு கொடுத்தே வரவழைக்கிறோம்.

இந்தப் பைத்தியம் நமக்கு மட்டும் பிடித்ததல்ல. தமிழ்நாட்டில் திருப்பணி என்ற பெயரில் மணலைப் பீய்ச்சியடித்துக் கோயில் கற்களைச் சுத்தம் செய்தார்கள். சிற்பங்களின் முகம் மழுங்கியது, கல்வெட்டு எழுத்துகள் தேய்ந்தன. பெரும் கூச்சல் எழுந்து அதற்குத் தடை போட வேண்டியதாயிற்று. கம்போடியாவின் அங்கோர் வாட்டில் 1986 முதல் 1993 வரை இந்தியத் தொல்லியல் துறை ரசாயனம் பூசித் தேய்த்துப் பாசி நீக்கியதற்கு உலகமெங்குமிருந்து கண்டனம் வந்தது. இங்கிலாந்தில் பழைய தேவாலயங்களைச் சுரண்டிப் புதுசாக்குவதை எதிர்த்து வில்லியம் மொரிஸ் சங்கம் தொடங்கியது 1877இல். வார்லி எழுவதற்கு ஓராண்டு முன்பே இந்தச் சண்டை ஆரம்பித்துவிட்டது. நாம் இன்னும் வாளியோடு நிற்கிறோம்.

கழுவியதோடும் விடுவதில்லை. வெளுத்த கல்மேல் எனாமல் பெயின்ட், இடுக்கெல்லாம் சிமெந்து, படிமேல் குளியலறை டைல்ஸ். சுவர் வாங்கிய ஈரத்தை வெளியே விட வழியில்லை. மூன்று மழைக்குள் பெயின்ட் கொப்பளிக்கிறது. அதையும் "கல்லு பழசாயிருச்சு" என்று சொல்லி, உடைத்துவிட்டு கொங்கிரீட் போடத் திட்டம் போடுகிறார்கள்.

என் ஆத்திரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் பழங்கட்டடங்களுக்கு 1815 மார்ச் 2 என்று எல்லை போட்டிருக்கிறது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. அதற்குப் பிந்திய கட்டடத்துக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் தனியாக அறிவிக்க வேண்டும். நம் முன்னோர் கோப்பித் தோட்டத்துக்கு வந்தது 1823 முதல் என்று கணக்கு வைத்துத்தான் 2023இல் 'மலையகம் 200' கொண்டாடினோம், தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோம். அப்படியானால் இந்த மலைகளில் நம்மவர் வைத்த ஒரு கல்லும் அந்தத் தேதிக்கு முந்தியதல்ல. சட்டம் தானாக வந்து காக்காது. நாமும் காக்காவிட்டால் வேறு யார் காப்பார்கள்?

நுவரெலியாத் தபாலகம் 1894இல் கட்டியது. அதை ஹோட்டலுக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்றதும் 2023இல் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், நாடே பேசியது. நல்லது, பேசத்தான் வேண்டும். ஒரு தோட்டத்துக் கோயில் படியில் அசிட் ஊற்றினால் பேச ஒரு நாதியில்லை. படிக்கல்லில் உளித்தடம் இருக்கிறது. பாறையை உடைத்து, தலையில் சுமந்து, மட்டம் பார்த்து வைத்தவர்களின் பெயர் எந்தத் துரையின் செக்ரோல் ஏட்டிலும் கல் வைத்தவர் என்று பதிவாகவில்லை. அவர்கள் செய்த வேலைக்குச் சாட்சி அந்தத் தடம் ஒன்றுதான். வயர் பிரஷ் முதலில் அழிப்பதும் அதைத்தான்.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களின் கதையும் இதுதான். கூரை ஒழுகும், பின்சுவர் ஊறும், பிள்ளைகளுக்கு இருமல் விடாது. அமைச்சர் வரும் நாளில் மட்டும் முன்சுவரைக் கழுவி வெள்ளையடிப்பார்கள். ஒழுகும் தகரத்தை மாற்றக் காசில்லை, கறையை மறைக்க மட்டும் காசு எங்கிருந்தோ வந்துவிடும். கோயிலிலும் லயத்திலும் கறைக்கு மூலம் மேலேதான் இருக்கிறது. உடைந்த பீலியிலிருந்து சுவரில் இறங்கும் தண்ணீரை நிறுத்தாதவரை எந்த மருந்தும் வேலை செய்யாது.

செய்ய வேண்டிய வேலை கடினமானதே அல்ல. முதலில் கூரையையும் பீலியையும் பழுது பாருங்கள், கானை வெட்டித் தண்ணீரைச் சுவரிலிருந்து விலக்குங்கள். இடுக்கில் முளைத்த ஆலங்கன்றையும் அரசங்கன்றையும் வேர் பருக்குமுன் எடுங்கள். வழுக்கும் படியில் பாசியை மரச் சுரண்டியால் வழித்து, தும்புப் பிரஷும் வெறும் தண்ணீரும் வைத்துத் தேயுங்கள். காரை உதிர்ந்த இடத்தில் சுண்ணாம்புக் காரையே பூசுங்கள், சிமெந்து வேண்டாம். மற்றக் கறுப்பைத் தொடாதீர்கள். வார்லி கறுப்பாகத்தான் நிற்கிறது, கம்பீரமாகவும் நிற்கிறது.

அடுத்த கும்பாபிஷேகத்துக்குச் சந்தா கேட்டு வருபவர்களிடம் ஒன்று கேளுங்கள்: இந்தக் காசு கூரைக்கா, அசிட்டுக்கா? கூரைக்கு என்றால் இரட்டிப்பாகக் கொடுங்கள். அசிட்டுக்கு என்றால் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். அந்தப் போத்தலைத் தூக்கி வருபவர் யாராக இருந்தாலும், செருப்புக் காலோடு கருவறைக்குள் நுழைய வருபவரை நிறுத்துவதுபோல் வாசலிலேயே நிறுத்துங்கள்.