சோற்றுக் கடன்

தமிழில் ‘கடன்’ என்னும் சொல்லுக்கு இருபொருள் உண்டு. ஒருவரிடம் பெற்றுத் திருப்பித் தரவேண்டிய பொருளும் கடன். ஒருவர் தவறாது செய்யவேண்டிய செயலும் கடன். முன்னதை வணிகர் கணக்கேட்டில் எழுதுவர். பின்னதைச் சான்றோர் நெஞ்சில் எழுதுவர். இவ்விரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிய நம் முன்னோர், வாங்கியதைத் திருப்பித் தருதலும் கடமையே என்பதைச் சொல்லாமற் சொல்லிவிட்டனர்.

புறநானூற்றில் பொன்முடியார் பாடிய பாட்டு ஒன்று உண்டு. தாய், தந்தை, கொல்லன், வேந்தன் ஆகிய நால்வர்க்கும் உரிய கடன்களை அப்பாட்டு முறையே எடுத்துக் கூறுகிறது. இறுதியாக இளைஞனுக்குரிய கடனைக் கூறி முடிகிறது. வீடும் ஊரும் நாடும் தத்தம் கடனைச் செய்து முடித்தபின், இளைஞனும் தன் கடனைச் செய்தாக வேண்டும் என்பது அதனால் விளங்கும். அக்காலத்தில் அக்கடன் போர்க்களத்தில் காத்திருந்தது. இக்காலத்தில் அதன் முதற்படி, பலருக்கு, கல்லூரி விடுதியின் உணவுக்கூடத்தில் காத்திருக்கிறது.

மதுரை மாநகரம் பழங்காலந்தொட்டே கற்போரைத் தன்பால் ஈர்த்த நகரம். அமெரிக்கன் கல்லூரி 1881-இலும், மதுரைக் கல்லூரி 1889-இலும், டோக் பெருமாட்டி கல்லூரி 1948-இலும், தியாகராசர் கல்லூரி 1949-இலும் தோன்றின. 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகம் அமைந்தது. 1978-இல் அது காமராசர் பெயரைத் தாங்கியது. இக்கல்விக்கூடங்களை நாடி மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் திருப்புவனத்திலிருந்தும், இன்னும் தொலைவான சிற்றூர்களிலிருந்தும் மாணவ மாணவியர் வருகின்றனர். நாள்தோறும் ஊருக்குச் சென்று திரும்ப இயலாதவர்க்கு விடுதியே வீடாகிறது. இந்நூலைப் படிக்கும் உங்களுள் பலரும் சில ஆண்டுகளில் அவ்வாறு ஒரு விடுதியில் சேர்வீர்கள். ஆதலின் விடுதியின் கணக்கை இப்பொழுதே அறிந்துகொள்வது நன்று.

மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன் என்பான் வரலாறு வருகிறது. அவன் இம்மதுரைக்கு வந்து, கலைத்தெய்வமாகிய சிந்தாதேவியின் கோயில் அம்பலத்தில் தங்கி, தான் இரந்து பெற்ற உணவைக் கண்ணில்லாதார்க்கும் காலில்லாதார்க்கும் ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்டு வாழ்ந்தான். அவனுடைய அருளுள்ளத்தைக் கண்ட தேவி, எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபியை அவனுக்கு அளித்தாள் என்பது கதை. கல்விக்குரிய தெய்வமே பசிப்பிணி தீர்க்கும் பாத்திரத்தையும் தந்தது என்பது எண்ணி எண்ணி மகிழத்தக்கது. ஆயினும் விடுதியின் சமையற்கூடத்தில் இருக்கும் அண்டா அமுதசுரபி அன்று. அதில் எடுத்தால் குறையும். குறைந்ததை ஒருவர் நிரப்ப வேண்டும். நிரப்புகிறவர் யார் என்பதுதான் கேள்வி.

மதுரைச் சீமையின் வயல்களில் விளைந்த நெல் அரிசியாகி வருகிறது. கீழமாசி வீதியின் மளிகைக் கடைகளிலிருந்து பருப்பும் புளியும் மிளகாயும் மூட்டையாக வருகின்றன. பாலும் காய்கறியும் நாள்தோறும் வந்து இறங்குகின்றன. பொழுது விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டும் சமையற்காரர் இருக்கிறார். பந்தியில் பரிமாறுவோரும் பாத்திரம் துலக்குவோரும் இருக்கின்றனர். இவர்களுள் எவரும் அறச்சாலை நடத்த வந்தவர் அல்லர். பொருளுக்கு விலையும் உழைப்புக்குக் கூலியும் பெற்றே இவர்களுடைய வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும்.

கல்லூரி விடுதிகள் பலவற்றில் உணவுச் செலவைக் கணக்கிடுவதற்குப் பகிர்வு முறை கையாளப்படுகிறது. மாணவர் இதனை ‘டிவைடிங் சிஸ்டம்’ என்பர். ஒரு திங்களில் ஆன மொத்தச் செலவைக் கூட்டி, எல்லா மாணவரும் உண்ட நாள்களின் தொகையால் வகுத்து, ஒரு நாளைக்குரிய கட்டணத்தைக் காண்பதே அம்முறை. அவரவர் உண்ட நாள்களுக்கேற்ப அவரவர் கட்டணம் அமையும். இதில் இலாபம் இல்லை. ஆகையால் நட்டத்தைத் தாங்கும் வலிமையும் இல்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு விடுதியில் 100 மாணவர் இருப்பதாகவும், 30 நாளும் அனைவரும் உண்பதாகவும், திங்களின் செலவு 3,00,000 ரூபாய் ஆனதாகவும் கொள்வோம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய். திங்களுக்கு 3,000 ரூபாய். இவர்களுள் பத்துப்பேர் பணம் செலுத்தவில்லை எனின், அத்திங்களில் 30,000 ரூபாய் குறைகிறது. மூன்று திங்கள் இவ்வாறே சென்றால் குறை 90,000 ரூபாய் ஆகிறது. மளிகைக்காரர் முதல் திங்கள் பொறுப்பார். இரண்டாம் திங்கள் முகம் சுளிப்பார். மூன்றாம் திங்கள் மூட்டையை அனுப்பமாட்டார். அப்பொழுது குறையை ஏனைய தொண்ணூறு பேர்மீது சுமத்தினால், ஒவ்வொருவரும் திங்கள்தோறும் 333 ரூபாய்க்கு மேல் கூடுதலாகச் செலுத்த நேரிடும். சுமத்தாவிட்டால் குழம்பில் பருப்புக் குறையும். மோரில் நீர் மிகும். சமையற்காரரின் சம்பளம் தள்ளிப்போகும்.

இவ்விடத்தில்தான் மாணவர் பலர் ஒரு பிழையான எண்ணம் கொள்கின்றனர். “கல்லூரி பெரிய நிறுவனம், பல்கலைக்கழகம் அதனினும் பெரியது. நான் ஒருவன் தராத தொகையால் அதற்கு என்ன குறைந்துவிடும்?” என்பது அவர்கள் எண்ணம். கணக்கைப் பார்த்த நமக்கு உண்மை தெரியும். தராத தொகை நிறுவனத்தின் பெட்டியிலிருந்து குறைவதன்று. பக்கத்து இலையில் அமர்ந்து உண்ணும் தோழனின் சட்டைப்பையிலிருந்து குறைகிறது. அத்தோழனின் தாய் கூலி வேலையில் மண் சுமந்து அனுப்பிய பணமாக அது இருக்கலாம். பெரிய மாளிகையை ஏமாற்றுவதாக எண்ணிக்கொண்டு, சிறிய குடிசையை ஏமாற்றும் செயலே இது. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யலாகாது என்பர். உடன் உண்டவனுக்கு இரண்டகம் செய்தல் அதனினும் கொடிது.

எனினும், பணம் கட்டாதவர் அனைவரையும் ஒரே தராசில் நிறுத்துதல் அறமாகாது. அவர்களுள் மூவகையினர் உளர்.

முதல் வகையினர், பணம் வரும் வழி உடையவர். ஆனால் அது வரும் காலம் வேறு. 1895 முதல் பெரியாற்று அணையின் நீரால் விளையும் மேலூர், வாடிப்பட்டி வயல்களின் உழவர்க்கு அறுவடைக்குப் பின்பே கையில் காசு புழங்கும். வானம் பார்த்த திருமங்கலத்துக் கரிசலில் பருத்தி வெடித்து விலைபோன பின்பே கடன் அடையும். விடுதிக் கட்டணமோ திங்கள்தோறும் வந்து நிற்கும். நிலம் ஆண்டுக்கணக்கில் பேச, விடுதி மாதக்கணக்கில் பேசுகிறது. அரசு தரும் கல்வி உதவித்தொகையை நம்பி இருப்போர் நிலையும் இதுவே. அத்தொகை காலந்தாழ்ந்து வருவதும் உண்டு. இவர்கள் கடனாளிகளே, ஆயினும் குற்றவாளிகள் அல்லர்.

இரண்டாம் வகையினர், உண்மையிலேயே இல்லாதவர். தந்தை நோயுற்ற குடும்பம், மழை பொய்த்த ஆண்டு, வேலை இழந்த வீடு ஆகியவற்றிலிருந்து வருவோர் இவர்கள். அரசின் ஆதிதிராவிடர் நலத்துறையும் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையும் நடத்தும் விடுதிகளில் உணவும் உறையுளும் கட்டணமின்றி அளிக்கப்படுவது இத்தகையோர் பொருட்டே. அவ்விடுதிகளில் இடம் கிடைக்காது கட்டண விடுதியில் சேர்ந்தோருக்கு உதவுதல் கல்லூரியின் கடமை. சமுதாயத்தின் கடமையும் ஆகும்.

மூன்றாம் வகையினர், வீட்டிலிருந்து பணம் வந்தும் கட்டாதவர். விடுதிக்கென்று தந்தை அனுப்பிய தொகை கைப்பேசிக்கும் திரைப்படத்துக்கும் உல்லாசப் பயணத்துக்கும் போய்விடுகிறது. இவர்கள் எண்ணிக்கை சிறிதாக இருக்கலாம். ஆனால் முதல் இருவகையினர் மீதும் ஐயம் எழச் செய்பவர் இவர்களே. இல்லாதவன் உதவி கேட்கும்போது, “நீயும் அவர்களைப் போன்றவனோ?” என்ற பார்வையை அவன் எதிர்கொள்ள நேர்வது இவர்களால்தான்.

இனி, நிலுவையைத் திரட்டக் கல்லூரிகள் கையாளும் வழியைப் பற்றியும் கூறவேண்டும். தேர்வு நுழைவுச்சீட்டைத் தர மறுத்தலும், மாற்றுச் சான்றிதழை நிறுத்தி வைத்தலும் நெடுங்காலமாக வழக்கில் இருந்து வந்தவை. இது நேரிய வழி அன்று. சான்றிதழ் மாணவனின் உழைப்பால் விளைந்தது. அடகுக்கடையில் வைக்கப்படும் நகை அன்று. கல்விச் சான்றிதழ் விலைப்பொருள் அன்று என்றும், கட்டண நிலுவைக்காக அதனைப் பிடித்து வைத்தல் தகாது என்றும் சென்னை உயர் நீதிமன்றம் கூறியுள்ளது. கல்லூரிகள் மாணவரின் அசல் சான்றிதழ்களைத் தம்மிடம் வைத்துக்கொள்ளலாகாது எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்தது. இங்கிலாந்திலும் இச்சிக்கல் எழுந்தது. தங்குமிடக் கட்டணம் போன்ற, படிப்போடு தொடர்பில்லாத நிலுவைகளுக்காகப் பட்டமளிப்பைத் தடுத்தல் நேர்மையற்றதாகலாம் என அந்நாட்டு நியாய வணிக அலுவலகம் 2014-இல் பல்கலைக்கழகங்களுக்கு எடுத்துரைத்தது. வேலைக்குச் செல்லும் வழியை அடைத்துவிட்டு, சம்பாதித்துக் கடனைக் கட்டு என்பது, காலைக் கட்டிவிட்டு ஓடு என்பது போலாகும்.

“சான்றிதழைப் பிடித்து வைக்க முடியாது எனின், கடனைக் கட்டாமலே சென்றுவிடலாமே” என்று எவரேனும் எண்ணுவராயின், அவர் சட்டத்தையும் அறியாதவர், அறத்தையும் அறியாதவர். 18 ஆண்டு நிறைந்தவர் செய்யும் ஒப்பந்தம் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி அவரைக் கட்டுப்படுத்தும். விடுதி விண்ணப்பத்தில் இடும் கையெழுத்து விளையாட்டுக்கு இடுவதன்று. பொதுவாக இத்தகைய கடனுக்கு மூன்று ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும் எனக் காலவரையறைச் சட்டம் கூறுகிறது. மூன்று ஆண்டு கடந்தால் நீதிமன்றத்தின் கதவு சாத்தப்படலாம்; நெஞ்சின் கதவு சாத்தப்படுவதில்லை. பிடித்து வைப்பார் இருந்தால் மட்டும் கட்டப்படும் கடன், அச்சத்தின் விளைவு. பிடித்து வைப்பார் இல்லாதபோதும் கட்டப்படும் கடனே கல்வியின் விளைவு. சான்றிதழை விடுவித்த சட்டம் மாணவனின் மானத்தை நம்பியே விடுவித்தது. அந்நம்பிக்கையைக் காப்பது மாணவன் கையில் இருக்கிறது.

மன்னன் அளித்த சோற்றை உண்ட மறவர், அதற்கு ஈடாகத் தம் உயிரையே கொடுத்தனர். அதனைச் செஞ்சோற்றுக் கடன் என்று தமிழர் போற்றினர். இன்று நம்மிடம் உயிரைக் கேட்பார் இல்லை. உண்ட நாளுக்குரிய காசையே கேட்கின்றனர்.

அக்கடனைத் தவறாது செலுத்தும் வழி எது? முதலாவது, கணக்கு எழுதுதல். காந்தியடிகள் 1888-இல் சட்டம் பயில இலண்டன் சென்றார். அங்கே வண்டிக்கூலி, அஞ்சல் செலவு முதலிய சிறு செலவுகளையும் விடாது குறித்து வைத்து, இரவு படுக்கச் செல்லுமுன் கணக்கை நேர் செய்தார். அப்பழக்கமே பிற்காலத்தில் பொதுப்பணத்தைக் கையாளத் தமக்குத் துணை நின்றதாக அவர் தம் வரலாற்றில் கூறுகிறார். தமுக்கம் அரண்மனையில் 1959-இல் திறக்கப்பட்ட காந்தி நினைவு அருங்காட்சியகத்தைக் காணச் செல்லும் மாணவர், அவருடைய ஆடையின் எளிமையோடு இக்கணக்கின் ஒழுங்கையும் நினைவில் கொள்வாராக.

இரண்டாவது, மறையாது உரைத்தல். பணம் வரத் தாமதமாகும் என்று தெரிந்தவுடன் விடுதிக் காப்பாளரிடம் சென்று கூறுதல் வேண்டும். “ஐயா, அறுவடை முடிந்தபின் தந்தை பணம் தருவார்; அதுவரை தவணை வேண்டும்” என்று எழுதிக் கொடுப்பதில் இழிவு ஒன்றும் இல்லை. காப்பாளரைக் கண்டு ஒளிவதிலும், பந்தி முடியும் நேரம் பார்த்து நுழைவதிலுமே இழிவு இருக்கிறது. சொல்லப்பட்ட கடன் பாதி அடைந்த கடன். மறைக்கப்பட்ட கடன் இருமடங்காகும் கடன். அவ்வாறு வந்து சொல்பவனைப் பலர்முன் இகழாது தனியே கேட்டு வழிகாட்டுதல் காப்பாளரின் கடன். நிலுவையுற்றோர் பெயரைப் பலகையில் எழுதித் தொங்கவிடுதல், இல்லாதவனையும் ஏமாற்றுபவனையும் ஒரே கயிற்றில் கட்டுவதாகும்.

மூன்றாவது, ஒருவர்க்கொருவர் துணை நிற்றல். மாணவர் உணவுக் குழு திங்கள்தோறும் வரவு செலவை எல்லாரும் காண வைத்தால் ஐயம் ஒழியும், வீண்செலவு குறையும், கட்டணமும் தாழும். இலையில் எறியப்படும் சோறும் கணக்கில் ஏறும் சோறே என்பதை எவரும் மறத்தலாகாது. விடுதியில் வாழ்ந்து, படித்து, நல்ல பணியில் அமர்ந்தோர் சிறிது சிறிதாக ஒரு பொதுநிதி சேர்த்து வைத்தால், உதவித்தொகை வரும்வரை வறிய மாணவனின் கட்டணத்தை அந்நிதி தாங்கும். தொகை வந்தவுடன் அவன் நிதிக்குத் திருப்பித் தருவான். அவ்வாறு தருவதால் அவன் தலை நிமிரும். அடுத்து வரும் மாணவனுக்கும் இலை விழும்.

மாணவ மாணவியரே! நாளை நீங்கள் அலுவலகங்களில் அமர்வீர்கள், ஊராட்சிகளை நடத்துவீர்கள், பொதுப்பணம் உங்கள் கைவழிச் செல்லும். அன்று உங்கள் நேர்மை எத்தகையதாக இருக்கும் என்பதை இன்று உங்கள் விடுதிக் கணக்கே காட்டிவிடும். இல்லாமை குற்றம் அன்று. உரைக்க நாணுதலும் வேண்டா. இருந்தும் கொடாமையே குற்றம். நீங்கள் உண்ட ஒவ்வொரு கவளத்திலும் உழவனின் வியர்வையும் வணிகனின் நம்பிக்கையும் சமையற்காரரின் விடியற்கால உறக்கமும் கலந்திருக்கின்றன. அவற்றுக்கு உரிய விலையைத் தந்துவிட்டுப் பட்டத்தைக் கையில் வாங்குங்கள்.