ஃபார்மட் போடுமுன் ஒரு நிமிஷம்!



ஒரகடத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவருக்குக் கார் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. வீட்டில் இருப்பது, தம்பி பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப். குழந்தை பிறந்த நாளிலிருந்து எடுத்த போட்டோக்கள் முழுக்க அதில்தான் இருக்கின்றன. செல்போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து வீணாகிவிட்டதால் வேறு பிரதி கிடையாது. ஒரு நாள் காலையில் பட்டனை அழுத்தினால், கறுப்புத் திரையில் 'எரர்: நோ சச் பார்ட்டிஷன்' என்று ஒரு வரி, அதற்குக் கீழே 'கிரப் ரெஸ்க்யூ' என்று ஒரு வரி. அவ்வளவுதான், அதற்கு மேல் நகரவில்லை. பக்கத்துக் கடைக்காரர் பார்த்துவிட்டு, "இது அவ்ளோதாம்மா, ஃபார்மட் போட்டுத்தான் ஆகணும்" என்று சொல்லிவிட்டாராம். "அக்கா, என் பொண்ணோட போட்டோ எல்லாம் போயிடுச்சா?" என்று கேட்கிறார்.

போயிருக்காது தங்கச்சி. முதலில் கண்ணைத் துடைத்துக் கொள்ளுங்கள். லேப்டாப்பைக் கடையிலிருந்து வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள். ஃபார்மட் போடுவது மட்டும் இப்போது வேண்டவே வேண்டாம்.

மயக்கம் போட்டு விழுந்தவரைப் பார்த்து யாராவது 'உயிர் போய்விட்டது' என்பார்களா? கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் நாம் அப்படித்தான் செய்கிறோம். பட்டனை அழுத்தியதும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

கம்ப்யூட்டருக்குக் கரண்ட் வந்தவுடன் அதற்கு ஒன்றுமே ஞாபகம் இருக்காது. தாய்ப் பலகையில் உள்ள சின்னச் சில்லில் எழுதி வைத்த ஒரு புரோகிராம் மட்டும் முதலில் விழிக்கும். அது மெமரி இருக்கிறதா, கீபோர்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எந்த டிஸ்க்கிலிருந்து கிளம்புவது என்று தேடும். டிஸ்க்கின் வாசலில் இன்னொரு குட்டிப் புரோகிராம் காத்திருக்கும். அதற்குப் பெயர் பூட் லோடர். அதுதான் விண்டோஸையோ லினக்ஸையோ கையைப் பிடித்து எழுப்பி உட்கார வைக்கிறது. 'பூட்' என்ற பேர் எப்படி வந்தது தெரியுமா? பூட்ஸின் வாரைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்வது என்று ஆங்கிலத்தில் ஒரு கேலிப் பேச்சு உண்டு. அதிலிருந்து வந்ததாம்! யாரும் தூக்கிவிடாமல் தானாக எழுந்திருக்க வேண்டிய இயந்திரத்துக்குப் பொருத்தமான பேர்தான்.

பழைய மாதிரி கம்ப்யூட்டர்களில் இந்த வாசல் வெறும் 512 பைட். அதிலும் புரோகிராமுக்குக் கிடைப்பது 446 பைட்தான். தமிழில் இரண்டு மூன்று வரி எழுதினாலே நிரம்பிவிடும். மிச்சத்தில் டிஸ்க்கில் எத்தனை அறைகள், எந்த அறை எங்கே தொடங்குகிறது என்ற கணக்கு இருக்கும். அந்த அறைகளைத்தான் பார்ட்டிஷன் என்கிறார்கள். இத்தனை சின்ன இடத்தில் முழு பூட் லோடர் எப்படி அடங்கும்? அடங்காது. அதனால் கிரப் என்கிற பூட் லோடர் தன் முதல் துண்டை வாசலிலும், மீதிக் கோப்புகளை லினக்ஸ் இருக்கும் அறையிலும் வைத்துக்கொள்கிறது.

இனி ஒரகடத்துச் சகோதரியின் கதைக்கு வருவோம். 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி திருவள்ளூரில் இந்த லேப்டாப் திட்டம் தொடங்கியது. மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி திட்டமும் அன்றைக்குத்தான் என்பது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். பிள்ளைகளுக்குக் கிடைத்த லேப்டாப்களில் பலவற்றில் விண்டோஸ் ஒரு அறையிலும், 'பாஸ் லினக்ஸ்' இன்னொரு அறையிலும் இருந்தன. பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் நம் நாட்டுக்கென்று உருவாக்கியது. பட்டனை அழுத்தியதும் 'எது வேண்டும்?' என்று ஒரு பட்டியல் வருமே, அதைக் காட்டுவது கிரப்தான்.

கடிதத்தின் கடைசியில் சகோதரி போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார். முந்தின நாள் ராத்திரி கொழுந்தனார், 'சினிமா ஏத்த இடம் பத்தல' என்று பேர் இல்லாத ஒரு பார்ட்டிஷனை அழித்தாராம். விஷயம் அங்கேதான் இருக்கிறது! விண்டோஸுக்கு லினக்ஸ் அறையைப் படிக்கத் தெரியாது, ஆகவே பேர் இல்லாத காலி இடம் மாதிரி காட்டும். அதை அழித்தவுடன் கிரப்பின் மீதிக் கோப்புகள் போய்விட்டன. காலையில் வாசலில் இருந்த முதல் துண்டு விழித்துப் பார்த்தால், சாவிக்கொத்து மாட்டியிருந்த அறையையே காணோம். பாவம், அது என்ன செய்யும்? 'அப்படி ஒரு அறை இல்லை' என்று உள்ளதைச் சொல்லிவிட்டு நிற்கிறது. பீரோவும் அதிலுள்ள நகையும் பத்திரமாக இருக்கின்றன. சாவி மட்டும்தான் இல்லை.

இப்போது என்ன செய்வது? முதல் காரியம் போட்டோக்களை வெளியே எடுப்பது. ரிப்பேர் அப்புறம்தான். இந்த வரிசையை மாற்றவே கூடாது. கம்ப்யூட்டர் படித்த பிள்ளை ஒருத்தர் அக்கம்பக்கத்தில் இல்லாமலா போவார்? இன்னொரு கம்ப்யூட்டரில் 'லைவ் லினக்ஸ்' பென் டிரைவ் ஒன்று தயார் செய்து தரச் சொல்லுங்கள். காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை, லினக்ஸ் இலவசம்தான். அதைச் செருகி, பட்டனை அழுத்தியதும் எஃப்12 விசையைத் தட்டினால் எதிலிருந்து கிளம்ப வேண்டும் என்று கேட்கும். எச்.பி. லேப்டாப்பில் எஃப்9. சில மாடல்களில் வேறாக இருக்கும். பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். 'ட்ரை' என்றும் 'இன்ஸ்டால்' என்றும் கேட்டால் 'ட்ரை' மட்டும். இன்ஸ்டாலில் கை பட்டுவிடக் கூடாது! பிறகு விண்டோஸ் அறை ஒரு ஃபோல்டராகத் திறக்கும். உள்ளே 'யூசர்ஸ்', அதற்குள் உங்கள் பேர், அதற்குள் 'பிக்சர்ஸ்'. எல்லாவற்றையும் வேறு ஒரு டிஸ்க்கில் காப்பி செய்து, நாலைந்து போட்டோவைத் திறந்தும் பார்த்துவிடுங்கள்.

அதன் பிறகு வாசலைச் சரி செய்யலாம். விண்டோஸ் 7 டி.வி.டி. அல்லது பென் டிரைவிலிருந்து கிளப்பி, 'ரிப்பேர்' பகுதிக்குப் போய், கறுப்புக் கட்டளைத் திரையில் பூட்ரெக் என்ற கட்டளையை முதலில் ஃபிக்ஸ்-எம்.பி.ஆர். உடனும், அடுத்து ஃபிக்ஸ்-பூட் உடனும் கொடுத்தால், வாசலில் விண்டோஸின் சொந்த பூட் லோடர் வந்து உட்கார்ந்துவிடும். அறைக் கணக்கை அது தொடாது. தெரிந்தவருக்குப் பத்து நிமிஷ வேலை. இது பழைய மாதிரிக்குத்தான். புது லேப்டாப்களில் வாசல் என்பது தனியாக ஒரு சின்ன பார்ட்டிஷன், அதற்குக் கட்டளை வேறு.

எல்லாக் கறுப்புத் திரைக்கும் இதே காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று வந்தால், முதலில் பக்கவாட்டில் பென் டிரைவோ மெமரி கார்டோ செருகியிருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகள் பாட்டுப் போட்டுவிட்டு அப்படியே விட்டிருப்பார்கள். அதை வாசல் என்று நினைத்துக் கம்ப்யூட்டர் முட்டிக்கொண்டு நிற்கும். உருவிவிட்டு மறுபடி கிளப்புங்கள்.

அதுவும் இல்லையென்றால் செட்டப் திரைக்குப் போய்ப் பாருங்கள். பல லேப்டாப்களில் எஃப்2, எச்.பி.யில் எஃப்10. அங்கே டிஸ்க்கின் பேர் தெரிகிறதா? தெரிந்தால் பெரும்பாலும் பூட் லோடர் கோளாறுதான். தெரியவில்லையென்றால் உள்ளே கேபிள் தளர்ந்திருக்கலாம், அல்லது டிஸ்க்கே நோயில் விழுந்திருக்கலாம். பழைய சுழலும் டிஸ்க்கிலிருந்து 'டக், டக்' என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். 'இன்னொரு தடவை பாப்போம்' என்று திரும்பத் திரும்பப் போட்டால் உள்ளே இருப்பதும் கீறிப் போகும். இது கை வைத்தியத்துக்கு அடங்காத சீக்கு. டேட்டா மீட்டுத் தருபவரிடம்தான் கொண்டு போக வேண்டும்.

மேஜைக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் தேதியைக் கவனியுங்கள். அணைத்துப் போடும்போதெல்லாம் பழைய வருஷத்துக்குப் போய்விடுகிறதா? தாய்ப் பலகையில் உள்ள காசு மாதிரி பேட்டரி தீர்ந்திருக்கும். அதன் எண் சி.ஆர்.2032. அது தீர்ந்தால், எந்த டிஸ்க்கிலிருந்து கிளம்புவது என்பதும் சில கம்ப்யூட்டர்களுக்கு மறந்து போகும். இதற்குப் போய் ஃபார்மட் போடுவது, பல்வலிக்குத் தலையை வாங்குவது மாதிரி!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டினால், லினக்ஸ் அறையைப் பார்த்ததும் 'இதை உபயோகிக்கும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும்' என்று கேட்கும். தனக்குப் படிக்கத் தெரியாததை அது அப்படித்தான் சொல்கிறது. 'கேன்சல்' அழுத்துங்கள்.

யாரும் எதையும் தொடாமலே இப்படி ஆவதும் உண்டு. 2024 ஆகஸ்ட் மாதம் மைக்ரோசாஃப்ட் அனுப்பிய ஓர் அப்டேட்டால், விண்டோஸும் லினக்ஸும் சேர்த்து வைத்திருந்த உலகெங்கும் உள்ள பலரது கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் கிளம்ப மறுத்தது. பூட் லோடரைச் சந்தேகப்பட்டு 'செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்' என்று சொல்லி நின்றுவிட்டது. கோப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. செட்டப்பில் 'செக்யூர் பூட்' என்பதைத் தற்காலிகமாக அணைத்துத்தான் பலர் சமாளித்தார்கள். ஸ்ரீபெரும்புதூரில் 2007-ல் டெல் கம்ப்யூட்டர் தொழிற்சாலை தொடங்கியதிலிருந்து, நம் பக்கத்துப் பெண்கள் எத்தனையோ பேர் இந்த இயந்திரங்களைப் பூட்டி, கிளப்பிப் பார்த்து, பெட்டியில் அடைத்து அனுப்பியிருக்கிறார்கள். தொழிற்சாலையில் இது தினசரி வேலை. வீட்டில் மட்டும் நாம் ஏன் 'அண்ணன் வரட்டும்' என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்?

புது லேப்டாப் வாங்கியிருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வேலை இருக்கிறது, இன்றைக்கே செய்துவிடுங்கள். விண்டோஸ் 11 வந்த பல லேப்டாப்களில் டிஸ்க் பூட்டப்பட்டே வருகிறது. 'பிட்லாக்கர்' என்று பேர். பூட் சம்பந்தமாக ஏதாவது மாறினால், 'மீட்புச் சாவி எங்கே?' என்று 48 இலக்க எண்ணைக் கேட்கும். அது இல்லாவிட்டால் நான் மேலே சொன்ன லைவ் லினக்ஸும் உள்ளே நுழைய முடியாது, கடைக்காரராலும் முடியாது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் பதிவாகியிருக்கும். நாலு நாலு தாளாகத் தேடாமல், ஒரே தாளில் பென்சில் இல்லாமல் பேனாவால் எழுதி, இலக்கங்களை இரண்டு முறை சரிபார்த்து, ரேஷன் கார்டு வைத்திருக்கும் பையில் போட்டு வையுங்கள். லேப்டாப் பைக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள்.