விடுமுறை நாளும் கூலி நாளும்

ஆண்டு முடியும் தறுவாயில், அடுத்த ஆண்டிற்குரிய பொது விடுமுறை நாள்களைத் தமிழ்நாட்டு அரசு ஆணையாக வெளியிடுகிறது. மறுநாட் காலைப் பத்திரிகைகளில் அப்பட்டியல் வந்துவிடுகிறது. எந்தப் பண்டிகை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்து வீணாயிற்று, எது வெள்ளிக்கிழமையில் வந்து மூன்று நாள் ஓய்வைக் கொடுத்தது என்று மாதச் சம்பளக்காரர் கணக்குப் பார்க்கிறார். நம் சங்க அங்கத்தினர்களோ அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. தறியில் உட்காருபவனுக்கும் ஏர் பிடிப்பவனுக்கும் விடுமுறைப் பட்டியலால் ஆவதென்ன என்பது பொதுவான எண்ணம். அவ்வெண்ணம் தவறானது. அப்பட்டியலை வேறெவரைக் காட்டிலும் நாமே ஊன்றிப் படிக்கவேண்டும் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விடுமுறை என்றவுடன் ஓய்வு என்று பொருள் கொள்கிறோம். ஆனால் பொது விடுமுறைக்குச் சட்டத்தில் உள்ள வேர் வேறு. 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின் 25-ஆம் பிரிவே அதற்கு ஆதாரம். உண்டியலுக்கோ கடனுறுதிச் சீட்டுக்கோ குறித்த தவணை, பொது விடுமுறை நாளில் வந்து விழுமானால், அதற்கு முந்திய வேலை நாளே தவணை நாளாகக் கொள்ளப்படும் என்று அப்பிரிவு கூறுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளும், அரசு அறிவிக்கும் ஏனைய நாள்களும் பொது விடுமுறைகள் ஆகும். அவ்வாறு அறிவிக்கும் அதிகாரத்தை மத்திய அரசு 1957-ஆம் ஆண்டில் மாநில அரசுகளிடம் ஒப்படைத்தது. ஆகவே, சட்டத்தின் கண்ணுக்குப் பொது விடுமுறை என்பது பணம் கொடுக்கல் வாங்கல் நின்றுபோகும் நாளேயன்றி வேறில்லை. பணத்தின் பொருட்டுப் பிறந்த ஏற்பாடு, கடன் வாங்கித் தொழில் செய்யும் நம்மைத் தொடாமல் இருக்குமா?

2025-ஆம் ஆண்டுப் பட்டியலில் 24 நாள்கள் இடம்பெற்றன. அவற்றுள் ஏப்ரல் 1 வணிக வங்கிகளுக்கும் கூட்டுறவு வங்கிகளுக்கும் ஆண்டுக் கணக்கு முடிப்பதற்காக விடப்பட்ட நாள். இவற்றோடு ஞாயிற்றுக்கிழமைகளையும், 2015 செப்டம்பர் முதல் வங்கிகளுக்கு விடுமுறையாகிவிட்ட இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தேர்த்திருவிழா போன்றவற்றுக்கு மாவட்ட ஆட்சியர் விடும் உள்ளூர் விடுமுறை இவ்வகையைச் சேர்ந்ததன்று. அது செலாவணி முறிச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்படுவதில்லை. அன்று வங்கிகள் நடக்கும். இந்த வேறுபாட்டை அறியாமல், திறந்திருக்கும் வங்கிக்குப் போகாமல் வீட்டிலிருந்து விடுவோரும் உண்டு.

“இப்போது பணம் கைப்பேசியிலேயே போய்ச் சேருகிறதே, வங்கி மூடினால் என்ன?” என்று இளைய அங்கத்தினர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. 2019 டிசம்பர் முதல் நெஃப்ட் முறையும், 2020 டிசம்பர் முதல் ஆர்.டி.ஜி.எஸ். முறையும் ஆண்டின் எல்லா நாள்களிலும் இரவு பகலாக இயங்குகின்றன. ஆனால் பணம் தானாகப் புறப்படுவதில்லை. நெய்த துணியை ஒருவர் தரம் பார்க்கவேண்டும், கூலியை ஒருவர் கணக்கிடவேண்டும், அதிகாரமுள்ளவர் ஒப்பமிடவேண்டும், அடுத்த பாவும் ஊடையும் எடைபோட்டுக் கொடுக்கப்படவேண்டும். இவை யாவும் மனிதர் செய்யும் வேலைகள். சங்கத்தின் கதவு பூட்டியிருக்கையில் கைப்பேசியால் பயனில்லை.

2026-ஆம் ஆண்டுப் பொங்கலையே எடுத்துக்கொள்வோம். ஜனவரி 15 வியாழன் பொங்கல், 16 வெள்ளி திருவள்ளுவர் நாள், 17 சனி உழவர் திருநாள், 18 ஞாயிறு. நான்கு நாள்கள் தொடர்ச்சியாக வங்கிகளும் அலுவலகங்களும் மூடியிருந்தன. ஒரு நெசவாளி போகியன்று மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் சேலையை அறுத்துத் தறியிலிருந்து இறக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். சங்கத்தில் ஒப்படைக்க அவர் 19-ஆம் தேதி திங்கட்கிழமை வரை காத்திருக்கவேண்டும். உழைத்த கூலி பெட்டியில் துணியாக மடிந்து கிடக்க, புத்தரிசிக்கும் கரும்புக்கும் அவர் கைமாற்று வாங்குகிறார். கைமாற்றுக்கு வட்டியுண்டு, அந்த வட்டிக்கு விடுமுறையில்லை. அடுத்த பாவு கைக்கு வராததால், விரும்பினாலும் அவரால் நெய்ய இயலாது. விடுமுறையும் அவருக்கு ஓய்வாகவில்லை, வேலையும் கிடைக்கவில்லை.

விவசாயியின் நிலை இன்னும் நுட்பமானது. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் பெற்றுத் தவணை தவறாமல் செலுத்துவோர் வட்டி கட்டவேண்டியதில்லை. அதனை அரசு ஏற்றுக்கொள்கிறது. தவணை கடந்தால் அச்சலுகை போய்விடும். கெடு நாள் பண்டிகையன்று விழுந்தால் என்ன செய்வது? 1881-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டியலின் தவணையை முந்திய வேலை நாளுக்கு இழுக்கிறது. சட்டங்களுக்குப் பொதுவிளக்கம் தரும் 1897-ஆம் ஆண்டுச் சட்டமோ, சட்டப்படி ஓர் அலுவலகத்தில் செய்யவேண்டிய காரியத்தின் கடைசி நாளில் அவ்வலுவலகம் மூடியிருந்தால், திறக்கும் அடுத்த நாளில் செய்தாலும் செல்லும் என்கிறது. ஒன்று முன்னே இழுக்கிறது. மற்றொன்று பின்னே தள்ளுகிறது. தம் கடனுக்கு எது பொருந்தும் என்று வாதாடிக்கொண்டிருக்க எந்த விவசாயிக்கும் நேரமில்லை. கெடு நாளுக்கு முந்திய வேலை நாளிலேயே செலுத்திவிடுவதுதான் இன்றைக்குப் பாதுகாப்பான வழி. ஆனால் அந்நாள் எது என்பதை அவருக்கு முன்கூட்டியே அறிவிப்பது சங்கத்தின் கடமையல்லவா?

காவிரிப் பாசனப் பகுதியில் குறுவை நெல் களத்துக்கு வரும் காலமும், ஆயுத பூசை, விசயதசமி, தீபாவளி என்று விடுமுறைகள் நெருங்கி வரும் காலமும், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் காலமும் ஏறக்குறைய ஒன்றே. ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேற்படாமல் இருக்கவேண்டும் என்பது கொள்முதலின் பொது விதி. கொள்முதல் நிலையத்தில் தராசு ஒரு நாள் நின்றாலும், வெளியே குவித்த நெல் ஒரு மழையில் அவ்வளவைத் தாண்டிவிடும். மேகத்துக்கு அரசாணை தெரியாது.

இதனால் விடுமுறைகளைக் குறைக்கவேண்டும் என்று சிலர் வாதிப்பர். அவ்வாதத்துக்கு நான் உடன்படேன். ஓய்வு நாள்களுள் பல உழைப்பாளர் போராடிப் பெற்றவை. 1923-ஆம் ஆண்டு மே முதல் நாளைச் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் கொண்டாடியபோது அது விடுமுறை நாளன்று. இன்று பட்டியலில் இருக்கிறது. பிறர் பெற்ற ஓய்வைப் பறிப்பதால் நம் குறை தீராது. அந்த ஓய்வு நமக்கும் நட்டமின்றிக் கிடைக்கும்படி செய்வதே கூட்டுறவுக்கு அழகு.

1958-ஆம் ஆண்டின் தொழில் நிறுவனங்கள் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டப்படி, நம் மாநிலத் தொழிலாளர் ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள்களும், பண்டிகைக்காக ஐந்து நாள்களும் ஊதியத்துடன் விடுமுறை பெறுகிறார்கள். ஆக 9 நாள்கள். வீட்டுத் தறியில் நெய்யும் அங்கத்தினர் ஒருவரிடம் சம்பளம் பெறும் பணியாளர் அல்லர். துணிக்குக் கூலி பெறுபவர். ஆதலின் அவருக்கு இப்பயன் எட்டுவதில்லை. இதை நாமே உண்டாக்கிக்கொள்ள முடியாதா? ஆண்டுக்கு 300 நாள் நெய்கிறார் என்று கொண்டால், 9 நாள் கூலி என்பது நூற்றுக்கு மூன்று. அதாவது கூலி ரூபாய்க்கு 3 காசு. 1975-ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் நெசவாளர் சேமிப்புப் பாதுகாப்புத் திட்டத்தில் கூலியில் ரூபாய்க்கு இத்தனை காசு என்று பிடித்துச் சேர்ப்பது நமக்குப் பழகிய முறைதான். அவ்வாறே விடுமுறை நிதி ஒன்றை வைக்கலாம். மூன்று காசும் அங்கத்தினருடையதாகவே இருந்தால் அது வெறும் சேமிப்பு. பாதியையாவது சங்கம் தன் இலாபத்திலிருந்து ஏற்றால்தான் அது விடுமுறை ஊதியம் என்னும் பெயருக்குத் தகும்.

பொதுப்பேரவைகள் ஆலோசிக்கத்தக்க வேறு மூன்று காரியங்களும் உள. முதலாவது, அரசின் பட்டியல் வந்தவுடன், வங்கி மூடும் நாள், சங்கம் மூடும் நாள், அவற்றுள் விழும் கடன் தவணைகள் ஆகியவற்றை ஒரே தாளில் அச்சிட்டு அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் வழங்குதல். இரண்டாவது, தொடர் விடுமுறைக்கு இரண்டு நாள் முன்னதாகவே துணியைப் பெற்றுக் கூலி வழங்கிப் பாவும் ஊடையும் கொடுத்தல். மூன்றாவது, விடுமுறையில் விழும் பயிர்க்கடன் தவணையை அடுத்த வேலை நாளில் செலுத்தினாலும் வட்டிச் சலுகை போகாது என்று தெளிவான விதி செய்யுமாறு அரசை வேண்டித் தீர்மானம் நிறைவேற்றுதல்.

பண்டிகை நாளில் பணியாளரை வருத்த வேண்டுமா என்று கேட்பவர்கள் பால் கூட்டுறவுச் சங்கங்களைப் பார்க்கட்டும். மாட்டுப் பொங்கலன்றும் மாடு பால் சுரக்கிறது. அன்றும் சங்கம் காலையும் மாலையும் அளந்து வாங்குகிறது. பணியாளர் முறைவைத்து வருகிறார்கள். வந்தவருக்கு வேறொரு நாள் ஓய்வு கொடுக்கலாம். பாலுக்கு இயன்றது நெல்லுக்கும் நூலுக்கும் இயலாதென்பது பொருந்தாது.

அடுத்த பொதுப்பேரவையில் வரவு செலவு அறிக்கை படிக்கப்படும்போது, அங்கத்தினர் எவரேனும் எழுந்து விடுமுறைப் பட்டியலையும் படிக்கும்படி கேட்கட்டும். சம்பளக்காரர் வீட்டில் பண்டிகை எப்படி நிம்மதியாக வருகிறதோ, அப்படியே தறியிருக்கும் வீட்டிலும் களமிருக்கும் வீட்டிலும் வரவேண்டும்.