துரத்துவது தற்காப்பா?

வீட்டருகே "திருடன்" என்று சத்தம் கேட்கிறது. உங்களிடம் உரிமம் பெற்ற துப்பாக்கி இருக்கிறது. என்ன செய்வீர்கள், சகோதரர்களே?

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலம் பிரன்ஸ்விக் அருகே 2020 பிப்ரவரி 23இல் நடந்ததைப் பாருங்கள். 25 வயது கறுப்பின இளைஞர் அஹ்மத் ஆர்பரி தெருவில் ஓடிக்கொண்டிருந்தார். திருடன் என்று சந்தேகித்து ஒரு தந்தையும் மகனும் துப்பாக்கிகளோடு வண்டியில் துரத்தினர். அண்டை வீட்டுக்காரர் இன்னொரு வண்டியில் சேர்ந்துகொண்டார். வழிமறித்தனர். மகன் சுட்டார். இளைஞர் பிணமானார். அவரிடம் ஆயுதமும் இல்லை. திருட்டுப் பொருளும் இல்லை!

"தற்காப்பு" என்றனர். நீதிமன்றம் ஏற்கவில்லை. 2022 ஜனவரியில் மூவருக்கும் ஆயுள் தண்டனை! நிறவெறிக் குற்றமே என்று அடுத்த மாதம் இன்னொரு நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

பார்த்த மாத்திரத்தில் குற்றவாளியாக்கப்படுவதன் வலி உங்களுக்குத் தெரியாதா? அதே அநீதியை நீங்கள் இன்னொருவருக்கு இழைக்கலாமா?

நம் நாட்டுச் சட்டமும் தெளிவாகவே சொல்கிறது. காவல்துறையை நாட அவகாசம் இருந்தால் தற்காப்பு உரிமை இல்லை. தேவைக்கு மேல் தீங்கு செய்யவும் உரிமை இல்லை.

வியாபாரிகளே, இளைஞர்களே! கதவைத் தாழிடுங்கள். 112ஐ அழையுங்கள். ஆள் அடையாளத்தையும் வண்டி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். துப்பாக்கியைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.

போன பொருளை மீண்டும் சம்பாதிக்கலாம். போன உயிரை?